ஷாங்காயில் ஒரு செமஸ்டர் படிக்கச் செல்வோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவை வைத்துக்கொண்டே மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழோ, சீன மொழி கற்பதற்காகவோ, ஒரே ஒரு செமஸ்டர் மட்டும் ஷாங்காயில் படிக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. மருத்துவம் உள்ளிட்ட முழுப் பட்டப் படிப்புகளுக்கு விதிகள் வேறு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சீனாவில் ஒரு செமஸ்டர் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

இலையுதிர் காலச் செமஸ்டர் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜனவரி நடுப்பகுதியில் முடியும். வசந்த காலச் செமஸ்டர் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு, பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஜூலை தொடக்கம் வரை செல்லும். இரண்டுமே தேர்வு வாரங்களையும் சேர்த்து ஏறத்தாழ 18 வாரங்கள். அக்டோபர் 1 தேசிய தினத்தை ஒட்டி ஒரு வாரம் விடுமுறை உண்டு. ஆனால் அந்த விடுமுறையை நீட்டிப்பதற்காக அதற்கு முன்போ பின்போ வரும் சனி அல்லது ஞாயிறு வேலை நாளாக அறிவிக்கப்படும் வழக்கம் இருக்கிறது. அன்று வகுப்பு நடக்கும். வராதவர்களுக்கு வருகைப் பதிவு போகும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று, இரு நாடுகளின் நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பது. நம் கல்லூரிகளில் இரட்டைப்படைச் செமஸ்டர் டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடும். ஷாங்காயில் அப்போதுதான் இறுதித் தேர்வு நடந்துகொண்டிருக்கும். தாமதமாக வந்து சேருவதற்கான அனுமதியைப் புறப்படும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

வாய்ப்பிருந்தால் இலையுதிர் செமஸ்டரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பரிந்துரை. செப்டம்பரில் முதலாண்டுச் சீன மாணவர்களும் அப்போதுதான் ஊருக்கு வந்திருப்பார்கள். வளாகமே ஒருவருக்கொருவர் அறிமுகமாகிக்கொண்டிருக்கும் காலம் அது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்து, வெயிலும் குளிரும் அளவாக இருக்கும். வசந்த செமஸ்டர் மழையும் ஈரமுமாகத் தொடங்கி, ஜூன் நடுவில் வரும் பிளம் மழைக்காலத்தின் புழுக்கத்தில் முடிகிறது.

பெய்ஜிங் இருக்க ஷாங்காய் எதற்கு?

பாடத்தைப் பொறுத்தது. அரசியல், வரலாறு, செவ்வியல் சீனம் ஆகியவற்றில் ஆழமாக இறங்க நினைப்பவர்களுக்குப் பெய்ஜிங் பொருத்தம். அங்குள்ள தெருப் பேச்சும் பாடநூலில் கற்பிக்கப்படும் மாண்டரினுக்கு (சீனாவின் பொதுமொழி) நெருக்கமானது. வணிகம், நிதி, கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், நவீன இலக்கியம் ஆகியவற்றுக்கு ஷாங்காய் சிறந்த களம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இந்த நகரில், வீட்டில் முதியவர்கள் பேசுவது ஷாங்காய் வட்டார மொழி. கடையிலும் வகுப்பிலும் பேசப்படுவது மாண்டரின். ஆகவே சீனம் கற்க வருபவருக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

எந்தப் பல்கலைக்கழகம்?

ஃபுதான் (1905), ஷாங்காய் ஜியாவ் தோங் (1896), தோங்ஜி (1907), கிழக்குச் சீன இயல்நிலைப் பல்கலைக்கழகம் (1951) ஆகிய நான்கும் வெளிநாட்டு மாணவர்களை நெடுங்காலமாக ஏற்று வருகின்றன. ஃபுதானில் சமூக அறிவியலும் மொழியும், ஜியாவ் தோங்கில் பொறியியலும், தோங்ஜியில் கட்டடக்கலையும் பெயர் பெற்றவை. கிழக்குச் சீன இயல்நிலைப் பல்கலைக்கழகம் ஆசிரியர் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டது என்பதால் சீன மொழி கற்பித்தலில் நல்ல அனுபவம் கொண்டது.

ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், எந்த வளாகம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜியாவ் தோங்கின் ஷூஹுய் வளாகம் நகரின் நடுவில் இருக்கிறது; மின்ஹாங் வளாகமோ தென்மேற்குப் புறநகரில், மையத்துக்குச் செல்ல மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் தொலைவில் இருக்கிறது. தோங்ஜிக்கு நகருக்குள் சிபிங் சாலை வளாகமும் வெகு தொலைவில் ஜியாதிங் வளாகமும் உண்டு. ஃபுதானுக்கு நான்கு வளாகங்கள். அயல்நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் செல்வது ஹான்தான் சாலையில் உள்ள முதன்மை வளாகத்துக்கு. சேர்க்கைக் கடிதத்தில் உள்ள முகவரியை வரைபடத்தில் பார்த்த பிறகே விடுதிக்குப் பணம் கட்டுங்கள்.

எந்த விசா வாங்க வேண்டும்?

180 நாள்களுக்கு மேல் தங்கிப் படிப்போருக்கு எக்ஸ்-1, அதற்குள் முடிப்போருக்கு எக்ஸ்-2. ஒரு செமஸ்டருக்குப் பெரும்பாலும் எக்ஸ்-2 போதும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் அடிப்படை ஆவணம். எக்ஸ்-1 எனில் ஜேடபிள்யூ-201 அல்லது 202 என்ற படிவமும் வேண்டும். சீனாவுக்குள் நுழைந்த 30 நாள்களுக்குள் உள்ளூர்க் காவல்துறையின் குடிவரவுப் பிரிவில் தங்குரிமை அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டும். அந்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் நாள்களில் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்காது. வெளிநாட்டுப் பயணத்தை அப்போது திட்டமிட வேண்டாம்.

எக்ஸ்-2 விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு முறை மட்டும் என்று இருந்தால், வார இறுதிக்கு ஹாங்காங் போனாலும் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. திரும்பி வருவதற்கு அந்த விசா உதவாது. ஹாங்காங்குக்கு அருகில் உள்ள மக்காவோவுக்கும் இதே நிலைதான்.

இந்தியாவில் சீனத் தூதரகம் டெல்லியிலும், துணைத் தூதரகங்கள் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ளன, சென்னையில் இல்லை. ஆகவே விண்ணப்பத்துக்கான நாள்களைக் கூடுதலாக ஒதுக்குங்கள். 2020-இல் நின்றுபோன இந்திய-சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. எனினும் சென்னையிலிருந்து செல்வோருக்குச் சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற ஊர்களில் விமானம் மாறுவதே பழகிய வழி. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை செல்லலாம் என்றாலும், அது படிப்புக்கான வழியன்று. அவர்களும் மாணவர் விசா எடுத்தாக வேண்டும்.

வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்கிறார்களே?

ஆம், சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஓட்டலில் தங்கினால் பதிவை ஓட்டலே செய்துவிடும். பல்கலைக்கழக விடுதியில் முன்மேசைப் பணியாளர்கள் வழிகாட்டுவார்கள். தனியார் வீடு எடுத்தாலோ நண்பரின் வீட்டில் தங்கினாலோ நீங்களே பாஸ்போர்ட்டோடும் வாடகை ஒப்பந்தத்தோடும் அப்பகுதிக் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். தவறினால் எச்சரிக்கையும் 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவுக்குப் பின் தரப்படும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்தடுத்த பல வேலைகளுக்கு அதைக் கேட்பார்கள்.

மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

பரிமாற்றத் திட்டத்தில் சென்றால் சீனப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சொந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை மட்டும் கட்டுவீர்கள். தாமாகச் சென்று சீன மொழி வகுப்பில் சேருவோர் ஒரு செமஸ்டருக்குப் பத்தாயிரம் யுவானை ஒட்டிய தொகையோ அதற்கு மேலோ எதிர்பார்க்கலாம். ரூபாயில் எவ்வளவு என்பதை அன்றைய மாற்று விகிதத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

வளாகக் கேன்டீனில் ஒரு வேளை உணவு 10 முதல் 20 யுவானுக்குள் முடிந்துவிடும். மெட்ரோவில் முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான். அதன் பிறகு ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் ஒரு யுவான் கூடும். செலவு உயர்வது இருப்பிடத்தில்தான். வளாக விடுதி அறை கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வீடு எடுத்தால் வாடகை பல மடங்கு ஆவதோடு, பல மாத வாடகையை ஒன்றாகக் கட்டும்படியும் கேட்பார்கள். நான்கரை மாதத்துக்கு அந்தச் சுமை தேவையற்றது.

உதவித்தொகையும் உண்டு. சர்வதேசச் சீன மொழி ஆசிரியர் உதவித்தொகை என்று இப்போது அழைக்கப்படும் திட்டத்தில் ஒரு செமஸ்டர் மாணவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எச்எஸ்கே சீன மொழித் தேர்வு மதிப்பெண் அதற்கு அவசியம். இலங்கை மாணவர்களுக்குக் களனி, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் உள்ள கன்பூசியஸ் நிலையங்கள் இதற்கான விவரங்களைத் தரும்.

பணத்தை எப்படிக் கொண்டு செல்வது? கார்டு செல்லுமா?

ஷாங்காயில் சோளம் சுட்டு விற்பவரிடமும் க்யூஆர் குறியீடுதான் இருக்கும். போனில் பணம் செலுத்த உதவும் அலிபே, வீசாட் பே (வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியின் கட்டணச் சேவை) ஆகிய இரண்டிலும் 2023 முதல் வெளிநாட்டு வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை எளிதாக இணைக்க முடிகிறது. 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டணத்துக்கும் 3 விழுக்காடு கூடுதலாகப் பிடிப்பார்கள். அதற்குக் கீழ் எதுவும் இல்லை. கேன்டீன், மெட்ரோ, பழக்கடை எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

இதைச் சென்னையிலேயே செய்து முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்ட நிலையில்தான் வரும். அதை வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும் என்பதால், அந்தச் சிம்மில் குறுஞ்செய்திக்கான ரோமிங்காவது இருக்க வேண்டும். வீசாட் கணக்கைப் புதிதாகத் தொடங்கும்போது, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உங்கள் குறியீட்டை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தும்படி கேட்கலாம். ஊரில் இருக்கும்போதே ஆள் தேடிக்கொள்வது எளிது. அவசரத்துக்குச் சில நூறு யுவான் ரொக்கமாகவும் வைத்திருங்கள்.

வாட்ஸ்அப், யூடியூப், ஜிமெயில் இயங்குமா?

சீன இணையத்தில் இயங்காது. கூகுள் சேவைகள் அனைத்தும், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் (முன்பு ட்விட்டர்) ஆகியவையும் தடுக்கப்பட்டுள்ளன. இந்தியச் சிம்மையோ வெளிநாட்டு இ-சிம்மையோ ரோமிங்கில் பயன்படுத்தும்போது தரவு பொதுவாக அந்தந்த நாட்டு நிறுவனத்தின் வழியே செல்வதால் இவை கிடைக்கும். ஆனால் முழுச் செமஸ்டருக்கும் அதை நம்பினால் செலவு தாங்காது. தடையைச் சுற்றிச் செல்ல உதவும் அனுமதியற்ற விபிஎன்களுக்குச் சீனச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இரண்டு ஏற்பாடுகள் போதும். ஒன்று, வீட்டில் உள்ளவர்களின் போன்களில் வீசாட்டை நிறுவி, அம்மாவோ தாத்தாவோ வீடியோ அழைப்பை எடுக்கும் அளவுக்குப் பழக்கிவிட்டுப் புறப்படுவது. இந்தியாவும் இலங்கையும் சீனாவைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியவை. ஷாங்காயில் இரவு 9 மணி என்றால் வீட்டில் மாலை 6.30, பேசுவதற்குத் தோதான நேரம். இரண்டு, கல்லூரிக்கான மின்னஞ்சலையும் ஆவணங்களையும் கூகுள் அல்லாத ஓர் இடத்திலும் வைத்திருப்பது.

வழி காட்டவும் கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம். சீன வரைபடங்கள் சட்டப்படி வேறொரு ஆயக் கணக்கீட்டைப் பயன்படுத்துவதால், நீங்கள் நிற்கும் இடம் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டப்படும். கவோதே என்ற உள்ளூர்ச் செயலியே சரியானது.

சீன மொழி தெரியாமல் போகலாமா?

போகலாம், ஆங்கில வழிப் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் வகுப்பறைக்கு வெளியே, கேன்டீனிலோ மருந்துக் கடையிலோ விடுதி வாசலிலோ, ஆங்கிலம் கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். புறப்படும் முன் மூன்று மாதம் ஒதுக்கி எண்கள், விலை கேட்பது, திசை கேட்பது, உணவுப் பெயர்கள் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு சென்றவர்களுக்கும் ஒன்றும் தெரியாமல் சென்றவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

தமிழ் பேசுவோருக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. மாண்டரினில் நாக்கை வளைத்துச் சொல்லும் ரகர ஒலி நமது ழகரத்துக்கு மிக அருகில் இருப்பதால், ஐரோப்பிய மாணவர்கள் வாரக்கணக்கில் பயிலும் அந்த ஒலி நமக்கு விரைவில் பிடிபடும். தொல்லை, மூச்சழுத்தத்தில் இருக்கிறது. மென்மையாகச் சொல்லும் பகரத்தையும் காற்றை வெளியே தள்ளிச் சொல்லும் பகரத்தையும் சீனம் வேறு வேறு ஒலியாகக் கொள்கிறது. ககரத்துக்கும் தகரத்துக்கும் அப்படியே. நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். உதட்டுக்கு முன்னே ஒரு தாளைப் பிடித்து, அது அசைகிறதா என்று பார்த்துப் பயிலுங்கள்.

வகுப்புகள் எப்படி இருக்கும்? கிரெடிட்டை மாற்றிக்கொள்ள முடியுமா?

ஒரு பாடவேளை 45 நிமிடம். இரண்டு அல்லது மூன்று வேளைகள் சேர்ந்து ஒரு வகுப்பு. காலை 8 மணிக்கு முதல் வகுப்பு தொடங்குவது சாதாரணம். மொழி வகுப்புகளில் வருகைப் பதிவு கடுமை. முந்தைய நாள் கற்ற எழுத்துகளைச் சொல்லச் சொல்ல எழுதும் தேர்வு அடிக்கடி நடக்கும். தொடர்ந்து வகுப்புக்கு வராவிட்டால் அது விசா வரை போகும்.

பாடத் தேர்வு இணையத்தில் நடக்கிறது, ஆங்கில வழிப் பாடங்கள் விரைவில் நிரம்பிவிடும். முதல் இரண்டு வாரங்களில் பாடத்தைச் சேர்க்கவும் கைவிடவும் வாய்ப்பு தருவது பரவலான வழக்கம். ஆகவே தேவையைவிட இரண்டு பாடங்களைக் கூடுதலாகத் தேர்ந்து வைத்து, உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிரெடிட் விஷயத்தில் வாய்வழி வாக்குறுதி எதற்கும் மதிப்பில்லை. எந்தச் சீனப் பாடம் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடாகும், எத்தனை கிரெடிட், மதிப்பெண் எப்படி மாற்றப்படும் என்ற மூன்றையும் எழுதி, துறைத் தலைவரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் கையொப்பம் பெற்ற பிறகே விமானச் சீட்டு எடுங்கள். அங்கே பாடம் மாறினால் அன்றே மின்னஞ்சலில் புதிய ஒப்புதல் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும், மொத்த வகுப்பு நேரம் குறிப்பிடப்பட்ட வடிவில், பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் கிரெடிட் கணக்கிடுபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

குளிர் எப்படி?

வெப்பமானியில் ஜனவரிச் சராசரி 5 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பெய்ஜிங்கோடு ஒப்பிட்டால் அது மிதமானதுதான். ஆனால் பெய்ஜிங்கில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை கட்டடங்களுக்கு மையச் சூடேற்றம் உண்டு. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே அந்த ஏற்பாடு மரபாக இல்லை. ஷாங்காய் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஈரக் காற்று, கதகதப்பில்லாத தாழ்வாரம், ஏசியை வெப்பத்துக்குத் திருப்பினாலும் பாதம் மட்டும் சில்லிட்டுக் கிடக்கும் அறை என்று, ஷாங்காய் மாணவர்கள் கட்டடத்துக்கு உள்ளேயே குளிரை உணர்கிறார்கள். தடித்த ஒற்றைக் கோட்டைவிட உள்ளே அணியும் தெர்மல் உடைகள் இரண்டு மூன்று செட் பயன் தரும். அவற்றை அங்கேயே மலிவாக வாங்கலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சைவம் கிடைக்குமா?

இந்தக் கேள்விதான் பெற்றோரிடமிருந்து முதலில் வருகிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது.

கேன்டீனின் நேரத்தை முதலில் பழகிக்கொள்ள வேண்டும். மதிய உணவு 11 மணிக்குத் தொடங்கி 12.30-க்கெல்லாம் அடங்கிவிடும், இரவு உணவு மாலை 5 மணியை ஒட்டி. இரவு எட்டரைக்குச் சாப்பிடும் பழக்கத்தோடு போனால் பெரும்பாலான கவுன்டர்கள் மூடியிருக்கும். பதினொன்றரை மணிக்கு உள்ளே நுழைந்தால், எவர்சில்வர் தட்டுகளின் ஓசையும் ஆவியும் நிறைந்த கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருபது வகைப் பதார்த்தங்கள் பெரிய தட்டங்களில் அடுக்கியிருக்கும். "ச்சேகா" (இது) என்று சொல்லி வேண்டியதைச் சுட்டினால், பரிமாறும் அம்மா ஒரு கரண்டி எடுத்து வைத்து அடுத்ததற்காக உங்கள் முகத்தைப் பார்ப்பார். வரிசையின் முடிவில் மாணவர் அட்டையைக் கருவியில் வைத்தால் பணம் பிடித்துக்கொள்ளும். சோறு தனியாக, மிக மலிவாக. தக்காளி முட்டைப் பொரியல், காடி சேர்த்த காரமான உருளைக்கிழங்குச் சீவல், பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக் கீரை (இலங்கையில் கங்குன் என்பார்கள்) ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லாக் கேன்டீன்களிலும் கிடைக்கும். தமிழ் நாக்குக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

கண்டிப்பான சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி மட்டும் தெரிகிறது என்பதால் அது சைவம் என்று ஆகிவிடாது. பன்றிக் கொழுப்பில் வதக்குவதும், கோழிச் சாரத் தூள் தூவுவதும், சிப்பிச் சாறு சேர்ப்பதும் அங்கே இயல்பு. "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்பதோடு, கோழித்தூளும் பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய ஒரு சீட்டைப் போனில் வைத்துக் காட்டுங்கள். முழு நம்பிக்கையோடு சாப்பிட பௌத்தச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. மேற்கு நான்ஜிங் சாலையில் உள்ள கோங்தெலின் 1922-இல் தொடங்கப்பட்டது. அங்கே வெங்காயம், பூண்டு சேர்க்காத மரபும் உண்டு.

இஸ்லாமிய மாணவர்களுக்கு நிலைமை எளிது. பெரிய பல்கலைக்கழகங்களில் ஹலால் உணவுக்கெனத் தனிக் கேன்டீனோ கவுன்டரோ இருக்கும். தெருவுக்குத் தெரு லான்ச்சோ கைநூடுல்ஸ் கடைகள் உண்டு. அங்கே பன்றி இறைச்சி இருக்காது.

விடுதி அறையில் அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்குத் தடை இருப்பதால் ரைஸ் குக்கரை நம்பிப் போக வேண்டாம். பொதுச் சமையலறை உண்டா என்று முன்பே கேளுங்கள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றை நிறுவனப் பாக்கெட்டில் கொண்டு செல்லலாம். இறைச்சி, முட்டை, வெண்ணெய் முதலான பால்பொருள்கள், புதுப் பழங்கள், காய்கறிகள், விதைகள் ஆகியவற்றைச் சீனச் சுங்கம் அனுமதிப்பதில்லை. குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். விடுதிகளில் கொதிநீர் கிடைக்கும். அனைவரும் பிளாஸ்க்கோடுதான் நடமாடுவார்கள்.

சீன நண்பர்கள் கிடைப்பார்களா?

தானாகக் கிடைக்க மாட்டார்கள் என்பதே உண்மை. அதற்குக் காரணம் மனிதர்களைவிட அமைப்பு முறைதான். சீனப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதி. அங்கே ஓர் அறைக்கு ஒருவர் அல்லது இருவர். சீன மாணவர்கள் வேறு கட்டடங்களில் நால்வர், சில இடங்களில் அறுவர், ஓர் அறையில் தங்குகிறார்கள். மொழி வகுப்பிலும் உடன் அமர்பவர்கள் கொரியா, ஜப்பான், தாய்லாந்து, ரஷ்யா, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆக, காலை முதல் இரவு வரை வளாகத்திலேயே இருந்தும், ஒரு சீன மாணவரோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் 18 வாரங்களைக் கழித்துவிட முடியும். அப்படிக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள் பலரை அறிவேன். அவர்களுடைய வருத்தம் உண்மையானது.

இதை உடைக்கும் வழிகள் இருக்கின்றன, ஆனால் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். செப்டம்பரில் மாணவர் மன்றங்கள் ஆள் சேர்க்கும் விழா நடக்கும். எழுத்துக்கலை, மலையேற்றம், பூப்பந்து, விவாதம் என்று வரிசையாக மேசை போட்டிருப்பார்கள். ஒன்றில் மட்டும் சேருங்கள், ஒவ்வொரு வாரமும் தவறாமல் போங்கள். பேச்சு குறைவாகவும் செயல் மிகுதியாகவும் உள்ள மன்றமே மொழி தெரியாதவருக்கு ஏற்றது. பூப்பந்துக் களத்தில் இலக்கணப் பிழையை யாரும் பார்ப்பதில்லை. அடுத்து, மொழித் துணை. ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் சீன மாணவர்கள் நிறையப் பேர். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பாதி ஆங்கிலம் பாதி சீனம் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் பயன். வெளிநாட்டு மாணவர் அலுவலகமே இணைத்து வைக்கும். மூன்றாவது, உங்கள் பாடங்களில் ஒன்றாவது சீன மாணவர்களும் சேர்ந்து படிக்கும் பாடமாக இருக்கட்டும். குழுப்பணி வந்தால் வீசாட் குழு வரும். அதைத் தொடர்ந்து சேர்ந்து சாப்பிடப் போவதும் வரும்.

சாப்பிடக் கூட்டிச் சென்றவர் பணத்தைத் தானே கொடுக்க முனைவார். ஒரு முறை ஏற்றுக்கொண்டு, அடுத்த முறை நீங்கள் கொடுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாயோ சுக்குக் காப்பிப் பொடியோ நல்ல அன்பளிப்பு.

பெண்கள் தனியாகச் செல்வது பாதுகாப்பா? உடல்நிலை சரியில்லை என்றால்?

இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வரும் மாணவிகளை எங்கும் காணலாம். தெருப் பாதுகாப்பில் ஷாங்காய் மிக நல்ல நகரம். உண்மையான ஆபத்து மின்சார ஸ்கூட்டர்கள். ஓசையில்லாமல் வருபவை, நடைபாதையிலும் வருபவை. வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும் நாடு என்பதால் நம் கண்கள் பழக்கத்தில் தவறான பக்கம் பார்க்கும். பாதசாரிக்குப் பச்சை விளக்கு எரியும்போதும் வலப்புறம் திரும்பும் வண்டிகள் வந்துகொண்டிருக்கும். மக்கள் சதுக்கம், கிழக்கு நான்ஜிங் சாலைப் பகுதிகளில், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று நெருங்கித் தேநீர்க் கடைக்கு அழைக்கும் அறிமுகமற்றவர்களைத் தவிர்க்கவும். பெருந்தொகைக்கு ரசீது நீட்டுவதற்கான ஏற்பாடு அது.

காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 120, தீயணைப்புக்கு 119. வெளிநாட்டு மாணவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சேர்க்கையின்போதே வாங்கச் சொல்வார்கள். அரசு மருத்துவமனைகளில் முதலில் பதிவுச் சீட்டு, பின்னர் மருத்துவர், ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்பணம் என்பதுதான் ஒழுங்கு. எல்லா ரசீதுகளையும் வைத்திருந்தால்தான் காப்பீட்டுத் தொகை திரும்பக் கிடைக்கும். தொடர்ந்து உட்கொள்ளும் மருந்து இருந்தால் முழுச் செமஸ்டருக்கும் தேவையானதை, மருத்துவர் சீட்டின் ஆங்கிலப் பிரதியோடு எடுத்துச் செல்லுங்கள்.

பகுதிநேர வேலை பார்க்கலாமா?

கூடாது. மாணவர் விசாவில் அனுமதியின்றி வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. கடுமையான நிலையில் தடுத்து வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர மணிக்கு இவ்வளவு என்று விளம்பரங்கள் வரும். மறுத்துவிடுங்கள்.

அரசியல் பேசலாமா?

தைவான், திபெத், ஷின்ஜியாங், 1989 தியானன்மென் சதுக்க நிகழ்வுகள் ஆகியவை பொது இடத்திலும் வீசாட் குழுக்களிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொருள்கள். உங்களுக்கு வரும் இடரைவிட, உங்களோடு பேசும் சீன மாணவருக்கு வரக்கூடிய இடர் பெரிது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். இந்திய-சீன எல்லையைப் பற்றி அவர்களாகவே கேட்பார்கள். பொறுமையாகக் கேட்டு, பொறுமையாகச் சொல்லலாம். பலர் உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்கிறார்கள்.

விடுமுறையில் எங்கே போகலாம்?

அதிவேக ரயிலில் சூச்சோ அரை மணி நேரம், ஹாங்சோ ஒரு மணி நேரம். 1,318 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெய்ஜிங்குக்கு விரைவான ரயில்கள் நான்கரை மணி நேரத்துக்குள் சென்றுவிடும். பாஸ்போர்ட் எண்ணில் பதிந்துதான் சீட்டு. நிலையத்துக்குள் நுழையவும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் மட்டும் பயணம் வேண்டாம், நாடே நகர்ந்துகொண்டிருக்கும்.

தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு: ஃபூஜியன் மாகாணத்துத் துறைமுக நகரமான சுவான்சோ. அங்கே சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்லும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத் தூண்களில் கண்ணன் கதைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கடல்சார் அருங்காட்சியகத்தில் நம் ஊர்க் கோயில் சிற்ப மரபிலான கற்களைக் காணலாம். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு பகல் பொழுதில் போய்ச் சேரலாம். வசந்த செமஸ்டரில் ஏப்ரல் மாதத்தில் முன்னோரை நினைவுகூரும் சிங்மிங் விடுமுறையோடு ஒரு நாள் சேர்த்தால் போதும்.

திரும்பும் முன் முடிக்க வேண்டியவை என்ன?

பல்கலைக்கழகத்தின் சிவப்பு முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல் இரண்டு அசல் பிரதிகள் கேளுங்கள். முடிவுகள் நீங்கள் புறப்பட்ட பிறகு வருவதாக இருந்தால், எந்த முகவரிக்கு எந்த அலுவலர் அனுப்புவார் என்பதை நேரில் சென்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறையில் அலுவலகங்கள் வாரக்கணக்கில் மூடியிருக்கும், மின்னஞ்சலுக்கு விடை வராது. மாணவர் அட்டையில் மீதமுள்ள பணத்தையும் விடுதி முன்பணத்தையும் திரும்பப் பெறுங்கள். வங்கிக் கணக்கு தொடங்கியிருந்தால் மூடிவிடுங்கள். விசாவில் குறிப்பிட்ட தங்கும் நாள்களை நுழைந்த தேதியிலிருந்து எண்ணிப் பார்த்து, கடைசி நாளுக்குச் சில நாள்கள் முன்னதாகவே சீட்டு எடுங்கள். சீனத் தொலைபேசி எண்ணை நிறுத்துவதற்கு முன், வீசாட் கணக்கை உங்கள் சொந்த நாட்டு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணக்கோடு சேர்த்து அங்கே கிடைத்த நண்பர்களின் தொடர்பும் போய்விடும்.